நீருக்கும் வரவு செலவு உண்டு

மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்பதை மறுப்பவர் எவருமில்லை. பள்ளிச் சுவரொட்டிகளும் அரசாங்க விளம்பரங்களும் அதையே திரும்பத் திரும்ப வலியுறுத்துகின்றன. ஆனால், சேமித்த நீரை யார், எவ்வளவு, எதற்காக எடுத்துக்கொள்வது என்ற கேள்வி எழும்போது பலரும் அமைதியாகிவிடுகின்றனர். வேளாண்மையை நம்பி வாழும் ஒரு மாவட்டத்தில் நிலத்தடி நீர்த் திட்டம் வெற்றி பெறுவதும் தோல்வி அடைவதும் இந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைகிறது. இந்தியாவின் மகாராஷ்டிரா மாநிலத்தில் உள்ள அகமதுநகர் மாவட்டம் இதற்கு நல்ல சான்றாகும். அண்மையில் அம்மாவட்டத்திற்கு அகில்யாநகர் என்று பெயர் மாற்றப்பட்டுள்ளது.

இம்மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை உயர்ந்து நிற்கிறது. அரபிக் கடலிலிருந்து வரும் மழை மேகங்கள் அம்மலையிலேயே தம் சுமையைப் பெரும்பாலும் இறக்கிவிடுகின்றன. மலையைத் தாண்டிக் கிழக்கே செல்லச் செல்ல மழை குறைகிறது. மாவட்டத்தின் நடுவில் உள்ள ஊர்கள் பலவற்றில் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 முதல் 500 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. சிங்கப்பூரில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர். அதனுடன் ஒப்பிட்டால் இந்த ஊர்களுக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. அந்த மழையும் ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்வதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில், சில நாள்களில் மட்டுமே கொட்டித் தீர்த்துவிடுகிறது.

மழை குறைவு என்பது சிக்கலின் ஒரு பாதிதான். மறுபாதி மண்ணுக்கு அடியில் உள்ளது. மகாராஷ்டிராவின் பெரும்பகுதி, பல கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான பசால்ட் என்னும் கரும்பாறையின்மீது அமைந்துள்ளது. மணற்பாங்கான நிலம் பஞ்சைப்போல நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பசால்ட் பாறையோ அவ்வாறு செய்வதில்லை. பாறையின் மேற்பகுதியில் சிதைந்த அடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்க முடியும். எனவே, இங்குள்ள நிலத்தடி நீர்த்தேக்கத்தை ஆழமில்லாத ஒரு தட்டுக்கு ஒப்பிடலாம். அது விரைவாக நிரம்பும். விரைவாகவே காலியாகியும் விடும்.

இத்தகைய நிலத்தில் மழைநீர் வழிந்தோடிவிடாமல் தடுத்து, மண்ணுக்குள் இறங்கச் செய்வதையே செயற்கை முறையில் நிலத்தடி நீரைச் செறிவூட்டுதல் என்கின்றனர். அதற்குப் பல வழிகள் உண்டு. மலைச்சரிவில் ஒரே மட்டத்தில் நீண்ட அகழிகள் வெட்டப்படுகின்றன. ஓடைகள் தொடங்கும் இடத்தில் கற்களை அடுக்கித் தடுப்புகள் அமைக்கப்படுகின்றன. சற்றுக் கீழே தடுப்பணைகளும், நீரைத் தேக்கி மெல்லக் கசியவிடும் கசிவுநீர்க் குட்டைகளும் கட்டப்படுகின்றன. வயல்களில் வரப்புகள் உயர்த்தப்படுகின்றன. வற்றிப்போன கிணறுகளுக்குள் மழைநீரை வடிகட்டி இறக்குவதும் உண்டு.

இந்த வேலைகள் பார்வைக்கு எளிமையானவை. ஆயினும், எங்கே எதைச் செய்வது என்பதைத் திட்டமிடாவிட்டால் உழைப்பும் பணமும் வீணாகும். அடியில் வெடிப்பில்லாத கெட்டிப் பாறை இருக்கும் இடத்தில் கசிவுநீர்க் குட்டையைக் கட்டினால், நீர் கீழே இறங்காது; வெயிலில் ஆவியாகிவிடும். மலைச்சரிவில் மண்ணரிப்பைத் தடுக்காமல் கீழே அணையைக் கட்டினால், சில ஆண்டுகளில் வண்டல் படிந்து அணை மேடாகிவிடும். பூச்சிக்கொல்லி கலந்த வயல்நீரை வடிகட்டாமல் கிணற்றுக்குள் விட்டால், குடிநீரே நஞ்சாகும். ஆகவே, மலை உச்சியில் தொடங்கி அடிவாரம் வரை ஒரு முழு நீர்வடிப்பகுதியையும் ஓர் உடலைப்போலக் கருதித் திட்டமிடுவதே முறையாகும்.

இதனைச் செய்து காட்டிய ஊர்களுள் ஒன்று, இம்மாவட்டத்தைச் சேர்ந்த ஹிவாரே பஜார். ஏறத்தாழ 1,000 ஹெக்டேர் நிலப்பரப்பைக் கொண்ட சிற்றூர் அது. 1972ஆம் ஆண்டு மகாராஷ்டிராவைக் கடும் வறட்சி தாக்கிய பின்னர் அவ்வூர் நலிந்தது. மலைகளில் மரங்கள் வெட்டப்பட்டன, கிணறுகள் வற்றின, பிழைப்புத் தேடிப் பல குடும்பங்கள் மும்பைக்கும் புனேவுக்கும் சென்றன. 1990ஆம் ஆண்டை ஒட்டிப் போபட்ராவ் பவார் என்னும் பட்டதாரி இளைஞர் ஊராட்சித் தலைவரானார். ஊர்மக்களின் உழைப்பாலும் அரசுத் திட்டங்களின் நிதியாலும் மலைச்சரிவுகளில் அகழிகள் வெட்டப்பட்டன, தடுப்பணைகள் எழுந்தன, மரங்கள் நடப்பட்டன. கிணறுகளில் மீண்டும் நீர் ஊறியது. ஊரைவிட்டுச் சென்ற குடும்பங்கள் பல திரும்பி வந்தன. 2020ஆம் ஆண்டு இந்திய அரசு பவாருக்குப் பத்மஸ்ரீ விருதை அறிவித்துச் சிறப்பித்தது.

ஹிவாரே பஜாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் அகழிகளையும் அணைகளையும்தான் புகழ்கின்றனர். உண்மையில், அவ்வூரை உயர்த்தியவை அவற்றைவிட அதன் கட்டுப்பாடுகளே. பாசனத்திற்காக ஆழ்துளைக் கிணறு தோண்டக்கூடாது என்று ஊர்ச்சபை முடிவு செய்தது. கரும்பு, வாழை போன்ற நீரை மிகுதியாகக் குடிக்கும் பயிர்களைத் தவிர்க்க வேண்டும் என்று தீர்மானித்தது. மரம் வெட்டுவதற்கும் மலையில் கால்நடைகளைக் கட்டவிழ்த்து மேய விடுவதற்கும் தடை விதித்தது. அதோடு, ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்ததும் ஊரின் நீர்க்கணக்கு பார்க்கப்படுகிறது. பெய்த மழை எவ்வளவு, கிணறுகளின் நீர்மட்டம் எவ்வளவு என்று அளக்கின்றனர். மக்களுக்கும் கால்நடைகளுக்கும் வேண்டிய குடிநீரை முதலில் ஒதுக்குகின்றனர். எஞ்சிய நீருக்கு ஏற்பவே அடுத்த பருவத்துப் பயிரை முடிவு செய்கின்றனர். மழை குறைந்த ஆண்டில் பயிரிடும் பரப்பும் குறைகிறது.

இக்கணக்கு ஏன் இவ்வளவு முக்கியமானது? ஓர் எடுத்துக்காட்டின்வழி இதனை விளங்கிக்கொள்ளலாம். 1,000 ஹெக்டேர் பரப்புள்ள ஓர் ஊரில் 400 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்வோம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். அவ்வாறெனில், ஊருக்கு மொத்தம் கிடைக்கும் நீர் 400 கோடி லிட்டர். ஒரு கோடி என்பது 10 மில்லியன். கேட்பதற்கு இது கடல்போலத் தோன்றும். ஆனால், அதில் பெரும்பகுதி ஆவியாகியும் செடிகொடிகளால் உறிஞ்சப்பட்டும் ஓடையில் வழிந்தும் போய்விடுகிறது. பத்தில் ஒரு பங்கு நிலத்தடியை அடைந்தால், அது 40 கோடி லிட்டர் ஆகும்.

அவ்வூரில் 1,250 மக்களும் 1,000 மாடுகளும் இருப்பதாகக் கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டரும் மாட்டுக்கு 80 லிட்டரும் ஒதுக்கினால், ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்தரைக் கோடி லிட்டர் வேண்டும். எஞ்சுவது 34.5 கோடி லிட்டர். கரும்பு ஓராண்டுப் பயிர். மழை நீங்கலாக ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர் நீரை அதற்குப் பாய்ச்ச வேண்டியிருந்தால், ஒரு ஹெக்டேருக்கு 1.6 கோடி லிட்டர் தேவை. எஞ்சிய நீர் முழுவதையும் கரும்புக்கே கொடுத்தாலும் 21 ஹெக்டேர்தான் விளையும். மாறாக, 300 மில்லிமீட்டர் நீரில் விளையும் கொண்டைக்கடலையைப் பயிரிட்டால் 115 ஹெக்டேர் நிலம் பசுமையாகும். முதலாவது வழியில் சில குடும்பங்கள் செழிக்கும். இரண்டாவது வழியில் ஊரே பிழைக்கும்.

இன்னொன்றையும் இக்கணக்கு காட்டுகிறது. தடுப்பணைகளும் அகழிகளும் அமைத்து, நிலத்தடியை அடையும் நீரை இரு மடங்காக்கி 80 கோடி லிட்டராக உயர்த்தினாலும், கரும்பு விளையும் பரப்பு 50 ஹெக்டேரைக்கூட எட்டாது. ஆசைக்கு எல்லை வகுக்காமல் அணைகளை மட்டும் பெருக்கினால், கிடைக்கும் கூடுதல் நீரைச் சில புதிய கிணறுகளே குடித்துத் தீர்த்துவிடும்.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. மகாராஷ்டிரா அரசு 2014ஆம் ஆண்டின் இறுதியில் 'ஜல்யுக்த் சிவார்' என்னும் பெருந்திட்டத்தை அறிவித்தது. ஆண்டுதோறும் 5,000 ஊர்களை நீர்ப் பற்றாக்குறையிலிருந்து விடுவித்து, 2019ஆம் ஆண்டிற்குள் மாநிலத்தையே வறட்சியற்றதாக மாற்றுவது அதன் இலக்கு. ஓடைகள் ஆழப்படுத்தப்பட்டன, ஏரிகள் தூர்வாரப்பட்டன, தடுப்பணைகள் கட்டப்பட்டன. ஏறத்தாழ 9,600 கோடி ரூபாய் செலவானது. இருப்பினும், 2018ஆம் ஆண்டில் மழை பொய்த்தபோது மாநிலத்தின் பல பகுதிகள் மீண்டும் வறட்சியில் சிக்கின. 2019ஆம் ஆண்டுக் கோடையில் அகமதுநகர் மாவட்டத்திலும் ஊர் ஊராகத் தண்ணீர் லாரிகள் ஓடின. தீவனமும் நீரும் இல்லாத கால்நடைகளுக்கு முகாம்கள் திறக்கப்பட்டன. நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துவதில் அத்திட்டம் போதிய பயன் தரவில்லை என்று, 2020ஆம் ஆண்டு வெளிவந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. வரவைப் பெருக்குவதற்குக் காட்டிய அக்கறையைச் செலவைக் கட்டுப்படுத்துவதற்கும் காட்டியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

பண்ணைக் குட்டைகளின் கதை இதைவிட வியப்பானது. வயலில் விழும் மழைநீரைத் தேக்கி, பயிர் வாடும்போது பயன்படுத்துவதற்காகவே பண்ணைக் குட்டைகள் அமைக்கப்படுகின்றன. அதற்கு அரசு மானியமும் உண்டு. ஆனால், பல இடங்களில் உழவர்கள் பெரிய குட்டைகளை வெட்டி, நீர் கசியாதபடி நெகிழித் தாள் விரித்து, நிலத்தடி நீரை மோட்டாரால் இறைத்து அவற்றை நிரப்பினர். நிலத்தடியில் இருட்டில் பத்திரமாக இருந்த நீர், வெட்டவெளியில் வெயிலுக்குக் காட்டப்பட்டது. கடுங்கோடையில் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீர் ஆவியாகிவிடும். அதுமட்டுமன்று. ஊருக்குப் பொதுவாக இருந்த நீர் ஒருவருடைய குட்டைக்குள் தனிச்சொத்தாக மாறிவிட்டது. நெகிழித் தாள் விரித்த குட்டையிலிருந்து ஒரு சொட்டும் மண்ணுக்குத் திரும்புவதில்லை. பெயரளவில் அது மழைநீர்ச் சேகரிப்பு. நடைமுறையில் அண்டை வீட்டுக் கிணற்றை வற்றச் செய்யும் ஏற்பாடு.

அப்படியானால், உழவர்கள்தாம் குற்றவாளிகளா? அவ்வாறு கூறுவது நியாயமாகாது. கரும்பை விளைவிக்கும் உழவருக்கு அதனை வாங்கிக்கொள்ள ஆலை உண்டு. குறைந்தபட்ச விலையை அரசே நிர்ணயிக்கிறது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயக்கத்தில் புகழ்பெற்ற பிரவரா நகர் இதே மாவட்டத்தில்தான் உள்ளது. அவ்வாலைகள் சாலைகளையும் பள்ளிகளையும் வேலைவாய்ப்பையும் கொண்டுவந்தன என்பதை மறுக்க முடியாது. சோளமோ பருப்போ விளைவித்தால், அறுவடை நேரத்தில் விலை என்னவாகும் என்பது எவருக்கும் தெரியாது. வெங்காயம் ஒரு வாரம் பொன்னாகவும் மறுவாரம் குப்பையாகவும் மாறும். கடனைத் தலையில் சுமக்கும் உழவர், உறுதியான வருமானம் தரும் பயிரை நாடுவது இயல்பே. ஆகவே, குறைந்த நீரில் விளையும் பயிர்களுக்கும் உறுதியான விலையையும் வாங்குவோரையும் ஏற்படுத்தித் தர வேண்டும். அதனைச் செய்யாமல் கரும்பை விடுமாறு உழவருக்கு அறிவுரை கூறுவது எளிது. அவர் அதனைப் பின்பற்றுவதுதான் அரிது.

சொட்டுநீர்ப் பாசனம் இச்சிக்கலைத் தீர்த்துவிடும் என்று சிலர் வாதிடுகின்றனர். சொட்டுநீர்ப் பாசனம் நீரை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால், மிச்சமான நீரைக் கொண்டு அதே உழவர் மேலும் ஓர் ஏக்கரில் கரும்பு நட்டால், ஊருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. கருவி நல்லதாக இருந்தாலும், அதன் பயன் ஊர் வகுத்துக்கொண்ட வரம்பைப் பொறுத்ததே.

'என் நிலம், என் கிணறு, என் நீர்; இதில் ஊருக்கு என்ன உரிமை?' என்று கேட்போரும் உண்டு. இந்தியாவில் நெடுங்காலமாகவே நிலத்துக்கு உரியவரே அதன் அடியில் உள்ள நீரையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை இருந்து வருகிறது. ஆனால், நீருக்கு வேலி கிடையாது. ஒருவர் 30 மீட்டர் ஆழத்தில் கிணறு வைத்திருக்க, பக்கத்து நிலத்தார் 150 மீட்டருக்குத் துளையிட்டால், முன்னவரின் கிணறு வற்றிவிடும். இறுதியில், மிக ஆழமாகத் துளையிடுவதற்குப் பணம் உள்ளவரே நீருக்கு உரிமையாளர் ஆகிறார். நிலமற்ற கூலித்தொழிலாளியின் வீட்டுப் பெண்கள் குடத்துடன் வரிசையில் நிற்கின்றனர். பாசனத்திற்காக 60 மீட்டருக்கு மேல் ஆழமான கிணறு தோண்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் மகாராஷ்டிராவில் உண்டு. எனினும், ஊர்மக்களின் ஒப்புதலும் கண்காணிப்பும் இல்லாத இடத்தில் சட்டம் ஏட்டளவிலேயே நின்றுவிடுகிறது.

ஊருக்குள் நியாயம் இருந்தால் மட்டும் போதாது. ஊர்களுக்கு இடையிலும் நியாயம் வேண்டும். மேட்டில் உள்ள ஊர் ஓடையின் குறுக்கே பத்து அணைகளைக் கட்டினால், பள்ளத்தில் உள்ள ஊரின் ஏரிக்கு நீர் வராமல் போகலாம். இதனால்தான் திட்டமிடல் ஊரளவில் முடிந்துவிடாமல் மாவட்ட அளவில் நடைபெற வேண்டும். இராஜஸ்தான் மாநிலத்தின் ஆல்வார் மாவட்டத்தில் அர்வாரி ஆற்றை ஒட்டிய ஊர்கள் இதற்கு முன்மாதிரியாக விளங்குகின்றன. ஜோஹட் எனப்படும் மண்ணணைக் குட்டைகளைப் பெருமளவில் கட்டி ஆற்றை மீட்ட அவ்வூர்கள், 1990களின் இறுதியில் தங்களுக்கென ஓர் ஆற்று மன்றத்தை அமைத்தன. எந்தப் பயிரைத் தவிர்ப்பது, நீரை எவ்வாறு பகிர்வது என்பன போன்றவற்றை அம்மன்றத்தில் கூடிப் பேசி முடிவு செய்தன.

இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டால், வேளாண் மாவட்டம் ஒன்றின் நிலத்தடி நீர்த் திட்டத்தில் இடம்பெற வேண்டியவை தெளிவாகின்றன. முதலில், மண்ணையும் பாறையையும் ஆராய்ந்து, எங்கே நீர் இறங்கும் என்பதை வரைபடமாக்க வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வோர் ஊரிலும் மழைமானி ஒன்றும் நீர்மட்டத்தை அளப்பதற்குச் சில கிணறுகளும் இருக்க வேண்டும். அந்த அளவுகள் ஊரார் அனைவரும் காணும் பலகையில் எழுதப்பட வேண்டும். மூன்றாவதாக, குடிநீருக்கு ஒதுக்கியது போக எஞ்சிய நீருக்கு ஏற்பப் பயிர்த்திட்டம் அமைய வேண்டும். நான்காவதாக, கட்டிய அணைகளைத் தூர்வாரிப் பராமரிப்பதற்கு ஆண்டுதோறும் நிதியும் பொறுப்பாளரும் வேண்டும். நிறைவாக, நிலமற்றோருக்கும் கடைமடை ஊர்களுக்கும் முடிவெடுக்கும் இடத்தில் குரல் இருக்க வேண்டும்.

ஹிவாரே பஜார் சிற்றூர் என்பதால் அங்கு ஒற்றுமை எளிது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களைக் கொண்ட மாவட்டத்திற்கு அது பொருந்தாது என்ற வாதமும் எழலாம். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. எல்லா ஊர்களுக்கும் ஒரு போபட்ராவ் பவார் கிடைக்கமாட்டார். ஆனால், நல்ல தலைவர் வருவார் என்று காத்திருப்பது திட்டமன்று. ஒரு தலைவரின் மனவுறுதியால் ஓர் ஊரில் நடந்ததை, அளவீடு, வெளிப்படையான கணக்கு, நியாயமான விலை, செயல்படும் சட்டம் ஆகியவற்றின் துணையோடு பல ஊர்களில் நடைமுறையாக்குவதே அரசின் கடமை.

அணை கட்டும் நாளில் மாலையும் மேளமும் உண்டு. படம் எடுப்பதற்கும் ஆளுண்டு. கிணறு தோண்ட வேண்டாம் என்று ஓர் ஊர் தனக்குத்தானே கட்டுப்பாடு விதித்துக்கொள்ளும் நாளில் இவை எவையும் இருப்பதில்லை. ஆயினும், வறட்சி வரும் ஆண்டில் ஊரைக் காப்பது அந்தக் கட்டுப்பாடுதான். வருமானம் எவ்வளவு என்று அறிந்து செலவு செய்யும் குடும்பமே கடனின்றி வாழும். மழையை வருமானமாகவும் கிணற்றைச் சேமிப்பாகவும் கருதி, அளவறிந்து செலவிடும் ஊருக்கும் அது பொருந்தும்.